முறியாத மருந்தா ஒண்ணு குடுங்க

மற்றத் தொழில்களில் சரக்கைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கம்பவுண்டர் தொழிலில், சரக்கு வாங்கினவர் வயிற்றுக்குள் போன பிறகுதான் வேலையே ஆரம்பம். ஜவுளிக்கடையில் வேட்டி வாங்கிப் போனவர் மறுநாள் திரும்பி வந்து, "நீரு குடுத்த வேட்டி இப்பம் எங்கன இருக்கு, என்ன செய்யுது?" என்று கடைக்காரரைக் கேட்பதில்லை. என்னைக் கேட்பார்கள். "நேத்துக் குடிச்ச மருந்து இப்பம் எங்கன நிக்கும் அண்ணாச்சி? நெஞ்சுக்குள்ளயா, வயித்துக்குள்ளயா?" என்று தொட்டுக் காட்டியே கேட்பார்கள்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில் நான் தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் டாக்டர் ஞானமுத்துவிடம் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் கெட்டிக்காரர், ஆனால் வார்த்தையையும் அவுன்ஸ் கிளாஸில் அளந்துதான் கொடுப்பார். நாலு வார்த்தைக்கு மேல் யாராவது கேட்டால், "மிச்சத்தைக் கம்பவுண்டர் சொல்லுவார்" என்று கையைக் காட்டிவிடுவார். மரத் தட்டிக்குப் பின்னால், ஒரு சின்ன ஜன்னல் வழியாக, மிச்சம் அத்தனையையும் சொன்னவன் நான். வாசகர்களே, நீங்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கசப்பு மருந்து குடித்தவர்கள். நான் அந்தக் கசப்பைக் கலக்கிக் கொடுத்து ஏச்சு வாங்கினவன். ஆகையால் நாம் எல்லாரும் ஒரே கட்சிதான்.

பலகாரம்

இசக்கிமுத்துவும் அவர் மனைவி பேச்சியம்மாளும் குற்றாலத்திலிருந்து வந்தது பங்குனி மாத வெயிலில். எங்களுக்கெல்லாம் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இசக்கிமுத்து கம்பளி போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மலைக்கு விறகு வெட்டப் போன இடத்தில் கொசு கடித்து வந்த குளிர்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்த நேரத்துக்கு வந்து உலுக்கிவிட்டுப் போகும்.

விறகு அவருக்கு இடைக்காலப் பிழைப்புதான். அவருடைய சொந்தத் தொழில், சாரல் சீசனில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது. பெரிய அருவிக்குப் போகிற வழியில் ஒரு தட்டைக் கல் உண்டு. அதில் ஆளை உட்காரவைத்துத் தேய்க்க ஆரம்பித்தால் வருகிற கூட்டமெல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தக் கல்லுக்குப் பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. முதல் சாரல் விழும்போது யார் எண்ணெய்க் கிண்ணத்தோடு அங்கே நிற்கிறாரோ அவருக்குத்தான் அந்த வருஷம் முழுக்க. சில வருஷங்களாக அது இசக்கிமுத்துவின் கல். இந்த ஆனி மாதம் அவர் போர்வைக்குள் கிடந்தால் கல் போய்விடும். கல் போனால் குடும்பத்துக்கு அந்த வருஷத்துச் சோறும் போய்விடும்.

"சாரலு விழுததுக்குள்ள எந்திரிச்சு நிக்கணும் டாக்டரய்யா. நடுங்குத கையை எவன் முதுகுல வைக்க விடுவான்?" என்றார் அவர். டாக்டர் கொய்னா மிக்ஸ்சர், அதாவது குயினின் கலந்த கசப்புத் தண்ணீர், எழுதினார். "பத்தியம் என்னய்யா?" என்று கேட்டார் பேச்சியம்மாள். "இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியின் நாக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

பேச்சியம்மாள் என் ஜன்னலுக்கு வந்தார். புளி சேர்க்கலாமா என்றார், சேர்க்கலாம் என்றேன். கருவாடு? சேர்க்கலாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அகத்திக்கீரை?" என்றார். அகத்திக்கீரை எந்த மருந்தையும் முறித்துவிடும் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதுவும் சேர்க்கலாம் என்றேன். வேளை தவறாமல் கொடுத்தால் போதும், ஒரு வேளைகூட விடக்கூடாது என்று அழுத்திச் சொன்னேன். அவர் குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பத்தியமே இல்லைன்னா இது என்ன மருந்தா, பலகாரமா?"

வண்டிச்சத்தம்

கொய்னாவிடம் ஒரு குணம் உண்டு. அது ரத்தத்தில் சரியாகச் சேர்ந்துவிட்டால் காதுக்குள் லேசாக இரைய ஆரம்பிக்கும். காய்ச்சல்காரர் காதைக் குடைந்துகொண்டு வந்தால் டாக்டருக்குத் திருப்தி. மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆய்க்குடியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருக்கும் குளிர்காய்ச்சல்தான். குப்பியின் பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தில் பல் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். வயலில் நாற்று நடவு. வேளாவேளைக்குக் கரையேறி மருந்து குடிக்க அவருக்குப் பொழுதில்லை. எல்லாம் ஒரே வயிற்றுக்குள்தானே போகிறது என்று, விடிந்ததும் முழுக் குப்பியையும் மடக்மடக்கென்று குடித்துவிட்டு வயலில் இறங்கிவிட்டார். மத்தியானம் மகன் சொந்த வண்டியில், வண்டிச்சத்தம் என்கிற வாடகைச் செலவில்லாமல், ஏற்றிக்கொண்டு வந்தான். டாக்டர் தொண்டை கிழியத் திட்டினார். ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. நல்லதுதான் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் வரை பெஞ்சில் படுக்கவைத்து, நாடியைப் பார்த்துக்கொண்டேயிருந்து, ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அவர் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தார். ஜன்னல் பக்கம் வந்து, காது கேட்காதவர்கள் பேசுகிற உச்சக்குரலில், கடைத்தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"வண்டிச்சத்தம் குடுக்காமலே குத்தாலத்து அருவிச்சத்தம் கேக்குது அண்ணாச்சி!"

சாட்சிப் பொருள்

அந்தக் காலத்தில் மாத்திரை என்பது டப்பாவில் வருகிற சாமான் அல்ல. மருந்துப் பொடியைப் பசை விட்டுப் பிசைந்து, திரியாகத் திரித்து, துண்டு போட்டு, உள்ளங்கையில் உருட்டிக் காயவைத்து, மேலே பளபளப்புப் பூசவேண்டும். மற்றதில் எப்படியோ, மாத்திரை உருட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எல்லாம் ஒரே அளவு. தரையில் போட்டால் கோலிக்குண்டு மாதிரி துள்ளும்.

வாசுதேவநல்லூரில் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு ஒருவர் இருந்தார். ரத்தம் ஊறுவதற்காக அவருக்கு இரும்பு மாத்திரை கொடுத்து வந்தோம். ஊறவில்லை. ஒருநாள் வந்து, மடித்த காகிதத்தை என் முன்னால் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. நான் உருட்டினதேதான். பூச்சுகூடக் கலையவில்லை. "எங்கே கிடந்தது ஏட்டய்யா?" என்று எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கையில் எடுக்கும் முன் கேட்டிருக்கவேண்டும். எங்கே கிடைத்தது, எப்படித் தேடி எடுத்தார், எத்தனை தண்ணீர் விட்டு அலம்பினார் என்பதையெல்லாம் வாக்குமூலம் மாதிரி வரிசையாகச் சொன்னார்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். மாத்திரையைத் தொடாமல், குனிந்து பார்த்தார். "கரைந்தால்தானே ரத்தத்தில் சேரும்? நீ மாத்திரை உருட்டினாயா, சோழி உருட்டினாயா?" என்று என் மேல் பாய்ந்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஏட்டய்யாதான் பெரிய மனசோடு குறுக்கே வந்தார்.

"அவர ஏசாதிய டாக்டரு. உள்ள போயிருக்கு, எல்லா எடத்தையும் சுத்திப் பாத்திருக்கு, ஒரு சோலியும் செய்யாம சட்டை கசங்காம வெளிய வந்திருக்கு. நான் வேலை பாத்த எடத்துல எல்லாம் இப்படி ரெண்டு பேரு உண்டு."

நாக்கைத் தூக்கிப் பார்த்தது

சித்திரை பிறந்தும் இசக்கிமுத்துவுக்குக் காய்ச்சல் நிற்கவில்லை. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். பேச்சியம்மாள் குப்பி தீரத் தீர வந்து வாங்கிப் போனார். காய்ச்சலும் சளைக்காமல் வந்துபோய்க்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. போதாக்குறைக்கு வேறொரு ஆள் வந்து அந்தத் தட்டைக் கல்லைக் கழுவி, உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனானாம். அதைச் சொல்லும்போது இசக்கிமுத்துவின் கண் கலங்கிவிட்டது.

"காது இரையுதா?" என்று கேட்டார் டாக்டர். இல்லை. "தலை கிறுகிறுப்பு?" அதுவும் இல்லை. இவ்வளவு கொய்னாவுக்கு எங்களுக்கே காது அடைத்திருக்க வேண்டும். டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கசப்புக்குப் பயந்து மருந்தை வாழைத்தூரில் ஊற்றுகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். "உண்மையைச் சொல்லும். குடிக்கிறீரா, கொட்டுகிறீரா?" என்றார்.

இசக்கிமுத்து வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் முன்னால் வந்துவிட்டார்.

"ஒரு சொட்டு கீழ விட்டதில்லய்யா. நானே வாயத் தொறந்து ஊத்துதேன். முழுங்குனாரான்னு நாக்கத் தூக்கிப் பாக்கேன். இதுக்கு மேல பாக்கணும்னா நாந்தான் உள்ள எறங்கிப் பாக்கணும்!"

முறியாத மருந்து

கடையநல்லூரிலிருந்து ஓர் அம்மா வருவார். அவர் கணவர் தறி நெய்கிறவர். மூட்டு வீங்கி, மிதியை மிதிக்க முடியாமல் கிடந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மருந்து. வலி குறைந்து மனிதர் தறியில் உட்காரத் தொடங்கியதும் அந்த அம்மாவுக்கு அது பெரிய தொந்தரவாகிவிட்டது. "ஒவ்வொரு தடவையும் தறிய நிறுத்துதாக. காலையில மொத்தமாக் குடுத்தா ஆகாதா?" என்று கேட்டார்.

அன்றைக்கு டாக்டருக்கு என்ன தோன்றியதோ, அவரே விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். ரத்தம் அதை ஈரலுக்குக் கொண்டுபோகும். ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முறிக்கும். முறிந்தது சிறுநீரோடு போய்விடும். அதனால் முறிய முறியப் புது மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. சொல்லி முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல என்னைப் பார்த்தார்.

எனக்குத் திக்கென்றது. டாக்டர் 'முறியும்' என்றது அவர் படித்த புத்தகத்து அர்த்தத்தில். நம் ஊரில் மருந்து முறிந்தது என்றால் கெட்டுப்போனது, இனிமேல் பலிக்காது என்று பொருள். அந்த அம்மாவின் முகம் மாறியது. "நாங்க அகத்திக்கீரைகூடத் திங்கலையே. நாங்க ஒண்ணும் செய்யாம தானாவா முறியுது?" என்று கேட்டார். "தானாகத்தான் முறியும். எல்லாருக்கும் முறியும்" என்றார் டாக்டர் உற்சாகமாக. நான் அவசரமாகத் தலையிட்டு, செரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சோறு செரித்தால் மறுபடி சாப்பிடுகிறோமே அதுமாதிரி என்றேன். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. குப்பியை ஜன்னல் வழியாக என் பக்கமே திரும்பத் தள்ளினார்.

"தானா முறியுத மருந்த வச்சு நான் என்ன செய்ய? துட்டு கொஞ்சம் கூடக் குறைய ஆனாலும் சரி தம்பி, முறியாத மருந்தா ஒண்ணு குடுங்க."

தங்கம்

வயிற்றுப் பூச்சிக்கு ஒரு பொடி கொடுப்போம். அது ரத்தத்தில் சேர்ந்து கண் வரைக்கும் போனால், பார்க்கிறதெல்லாம் ஒரு பொழுதுக்கு மஞ்சளாகத் தெரியும். உடம்பு அந்த மருந்தை வெளியேற்றியதும் பழைய நிறம் திரும்பிவிடும். இதை முன்னாலேயே சொல்லிக் கொடுக்காவிட்டால் காமாலை என்று அலறிக்கொண்டு வருவார்கள். கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த அண்ணாச்சிக்கு நான் சொல்ல மறந்துபோனேன். மறுநாள் காலையில் அவர் வேகமாக வருவதைப் பார்த்ததும் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்:

"கல்யாணமான நாள்ல இருந்து இன்னைக்குத்தாம்வே எம் பெஞ்சாதி தங்கமா ஜொலிக்கா. இன்னும் ஒரு பொட்டலம் போடும்."

கட்டுப்பட்டது

வைகாசியும் பாதி போய்விட்டது. இனிமேல் இசக்கிமுத்துவுக்கு ஊசிதான் என்று டாக்டர் முடிவு செய்தார். அதில் அவருக்கே மனசில்லை. கொய்னா ஊசி போட்ட இடம் சிலருக்குச் சீழ் வைத்துவிடும். நாள் முழுக்க நின்று குனிந்து செய்கிற தொழிலுக்கு அது ஆகாது. குற்றாலத்தில் ஒரு பங்களாவில் நோயாளி பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் வில்வண்டியை நிறுத்தச் சொன்னார். "வேலாயுதம், அந்த எண்ணெய்க்காரர் எப்படி இருக்கிறார் என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா" என்று கூட வந்திருந்த என்னை அனுப்பினார்.

இசக்கிமுத்து அப்போதுதான் குளிர் விட்டு, வியர்வையில் நனைந்து கட்டிலில் கிடந்தார். மருந்து வேளை. பேச்சியம்மாள் தம்ளரில் மிக்ஸ்சரை அளந்து ஊற்றினார். அடுப்பங்கரையிலிருந்து ஒரு ஜாடியைக் கொண்டுவந்து, உப்பில் ஊறின நெல்லிக்காய்களை எடுத்து அந்தத் தம்ளருக்குள்ளேயே பிழிந்தார். "என்னம்மா இது?" என்றேன். "கசப்பு தாங்காம ஓங்கரிக்காருய்யா. மொதல் நாளுல இருந்தே மருந்து குடிச்ச கையோட நெல்லிக்காயும் தண்ணியும் குடுத்துருவேன். தொண்டை இனிக்கும்லா? மருந்து கூடுனதுல இருந்து, சேத்தே கலக்கிக் குடுத்துருதேன்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்ளரைப் பார்த்தேன். தெளிந்த தண்ணீராக இருந்த மிக்ஸ்சர் வெள்ளைவெள்ளையாகத் திரைந்துகொண்டிருந்தது.

"குடுக்காதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் இசக்கிமுத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். கம்பவுண்டர் பரீட்சைக்குப் படித்தபோது மனப்பாடம் செய்தது: துவர்ப்புச் சரக்கையும் கொய்னாவையும் ஒரே குப்பியில் சேர்க்கக்கூடாது, திரைந்துவிடும். குப்பி விஷயத்தில் நான் எப்போதும் ஜாக்கிரதைதான். வயிறும் ஒரு குப்பிதான் என்று எனக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை. தம்ளரை ஏந்திக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார், செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கி வந்தார்.

"நெல்லிக்காய்த் துவர்ப்பு கொய்னாவைக் கட்டிப்போட்டுவிடுகிறது அம்மா. கட்டுப்பட்ட மருந்து ரத்தத்தில் சேராது, வந்த வழியே போய்விடும். நீங்கள் கொடுத்தது பாதிகூட உள்ளே போய்ச் சேர்ந்திருக்காது" என்று பேச்சியம்மாளிடம் சொன்னார். கசப்புக்குக் கருப்பட்டி கொடுக்கலாம். நெல்லிக்காய் ஆகாது. கடுக்காய் ஆகாது. பாக்கு ஆகாது. தேயிலைத் தண்ணீர் ஆகாது. அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கோ சிரிப்பை அடக்கமுடியவில்லை. பேச்சியம்மாள் ஜாடியை மூடி ஓரமாக வைத்தார். ஒரு வேளைகூடத் தப்பாமல் தான் கொடுத்ததுதான் புருஷனை இப்படிக் கிடத்தியிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் அழவில்லை. நிமிர்ந்து டாக்டரைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதத்தானய்யா நான் அன்னைக்கே கேட்டேன்?"

கைராசி

ஒரு வாரம் ஆகியிருக்கும். இசக்கிமுத்து கம்பளி இல்லாமல் நடந்தே தென்காசிக்கு வந்தார். "அய்யா, ராத்திரியில இருந்து காது ஙொய்யின்னு இரையுது. ஒண்ணும் கேக்கல" என்றார் கவலையோடு. டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஜன்னலுக்குப் பின்னால் கைதட்டினேன். செவிடாகிப் போனதற்கு இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று பெஞ்சில் இருந்தவர்கள் மிரண்டுபோனார்கள். டாக்டர் அளவைக் குறைத்தார், இரைச்சல் அடங்கியது, காய்ச்சலும் திரும்பி வரவில்லை. முதல் சாரல் விழுந்த காலையில் இசக்கிமுத்து கிண்ணத்தோடு கல்லுக்குப் பக்கத்தில் நின்றார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கல்லைக் கழுவிவைத்தவன் வந்து பார்த்துவிட்டு, ஐந்தருவிப் பக்கம் போய்விட்டானாம்.

அந்தச் சீசனில் தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு மிராசுதார் வந்து குற்றாலத்தில் தங்கியிருந்தார். அவருக்குத் தூக்கம் வராத வியாதி. டாக்டர் புரோமைடு மிக்ஸ்சர் கொடுத்தார். புரோமைடு மெதுவான மருந்து. இன்றைக்குக் குடித்தது உடம்பை விட்டுப் போவதற்குள் நாளைக்குக் குடித்தது வந்து சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் வேலை செய்யும். மிராசுதாருக்கு அந்தப் பொறுமை இல்லை. தினம் காலையில் ஆள் அனுப்பி, குப்பியில் தண்ணீரை அடைத்துக் கொடுத்தேனா என்று விசாரிப்பார். ஆனாலும் மனைவியின் கண்டிப்பால் ஒரு வேளை விடாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் நான் புதுக் குப்பியோடு குற்றாலத்துக்குப் போனேன். மெல்லிய சாரல், அருவிக்குப் போகிற வழியில் ஒரே கூட்டம். விலக்கிக்கொண்டு பார்த்தால், தட்டைக் கல்லில் மிராசுதார் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறார். அருவி இரைச்சலுக்கு மேல் குறட்டை கேட்கிறது. இசக்கிமுத்து அவர் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் முதுகில் எண்ணெயை இழுத்துக்கொண்டிருக்கிறார். வேலைக்காரர்கள் ஓசைப்படாமல் குடை பிடித்து நிற்கிறார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேட்டியை மடித்துக் கட்டி வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். வெகுநேரம் கழித்துக் கண் விழித்த மிராசுதார், "என்ன கைராசிடே ஒனக்கு! காசக் குடுத்து வாங்குன மருந்துக்கெல்லாம் வராத தூக்கம்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அவர் காலடியில், புதுக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் குடித்த புரோமைடு சேர்ந்து இன்றைக்குக் கண்ணை அழுத்தியிருக்கிறது; பிறகு நான் போய்ச் சொன்னதும், அன்றைக்கு மாலையே டாக்டர் அளவைக் குறைக்கச் சொன்னதும் அதனால்தான். அதை அங்கேயே போட்டு உடைத்துவிட வாயைத் திறந்தேன். அதற்குள் என் கண் இசக்கிமுத்துவின் கையில் போய் நின்றது. எண்ணெயில் பளபளவென்று, அடுத்தவர் முதுகில் இரண்டு கையும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு துளி நடுக்கம் இல்லை. பின்னால் பேச்சியம்மாள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இசக்கிமுத்து என்னைப் பார்த்துவிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. கையை நிறுத்தாமலே கூப்பிட்டுச் சொன்னார்:

"கம்பவுண்டரய்யா, தூக்கம் வரலைன்னு ஆரும் வந்தா மருந்து கலக்கிச் சங்கடப்படாதிய, பேசாம இங்கன அனுப்பிருங்க!"

மருந்து உடம்புக்குள் எங்கே சேர்கிறது, எங்கே கட்டுப்படுகிறது, எங்கே முறிகிறது என்று நாங்கள் எப்படியாவது கண்டுபிடித்துவிடுகிறோம்; அது சம்பாதிக்கிற நல்ல பேர் மட்டும் எப்போதும் அடுத்த ஆளின் கையில் போய் ஒட்டிக்கொள்கிறது.